வாங்க மாட்டோம் என்றால் வலி யாருக்கு?



ஒரு கம்பெனியின் சாமானை இனி வாங்குவதில்லை என்று ஜனங்கள் ஒன்றுகூடி முடிவெடுத்தால், அடி யாருக்கு விழுகிறது? மேலே குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கும் நிர்வாகிக்கா, கீழே சம்பளச் சீட்டை இரண்டு தரம் எண்ணிப் பார்க்கும் தொழிலாளிக்கா? அந்தக் காலத்துப் பெரியவர்கள் இதைப் பகிஷ்காரம் என்றார்கள். இன்றைய பிள்ளைகள் புறக்கணிப்பு என்கிறார்கள். பெயர் எதுவானாலும் சங்கதி ஒன்றுதான். 2023ஆம் ஆண்டுக் கடைசியிலிருந்து இந்தப் பேச்சு நம் நாட்டில் கோப்பிக் கடை மேசைவரை வந்துவிட்டது. "பாவம், அந்தக் கடையில வேலை செய்யறது நம்ம பிள்ளைங்கதானே" என்பார் ஒருவர். "அப்படிப் பார்த்தா முதலாளிக்கு எப்பத்தான் உறைக்கும்?" என்பார் எதிரில் இருப்பவர். இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் கடந்த நூறு வருஷச் சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்தச் சரித்திரத்தில் ஒரு முக்கியமான அத்தியாயம் நம் பேராக் ரப்பர் மரத்தடியிலேயே நடந்திருக்கிறது.

முதலில் சீமைக்குப் போய் வருவோம்.

1921 செப்டம்பர் 22ஆம் தேதி மதுரையில் காந்தியடிகள் சட்டையையும் தொப்பியையும் துறந்து முழங்கால் அளவு வேட்டிக்கு மாறினார். அந்நியத் துணியைக் கொளுத்து, கதரை உடுத்து என்று ஊரூராக இயக்கம் நடந்த காலம் அது. அந்த அந்நியத் துணியில் பெரும்பகுதி எங்கே நெய்யப்பட்டது? இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள லங்காஷயர் பகுதியில். முதல் உலகப் போருக்கு முந்திய 1913இல் அங்கிருந்து இந்தியாவுக்குப் போன துணி சுமார் 300 கோடி கஜம். 1931இல் அதில் ஐந்தில் ஒரு பங்குகூடப் போகவில்லை. இதற்குப் பகிஷ்காரம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது சரித்திரம் ஆகாது. ஜப்பான்காரன் மலிவாக நெய்து அனுப்பினான். பம்பாயிலும் அகமதாபாத்திலும் ஆலைகள் பெருகின. இறக்குமதி வரி ஏறியது. உலகம் முழுக்க வியாபார மந்தம் வேறு. ஆனாலும் லங்காஷயர் நெசவாளியின் கண்ணுக்குத் தெரிந்த முகம் காந்தியின் முகம்தான்.

அந்த மனிதர் அவர்கள் ஊருக்கே போய் நின்றார். வட்டமேஜை மாநாட்டுக்காக லண்டன் வந்தவர், 1931 செப்டம்பர் 25ஆம் தேதி ரயிலேறி டார்வன் என்ற ஆலை நகரத்துக்குச் சென்று, ஓர் ஆலை முதலாளிக் குடும்பத்தின் விருந்தினராகவே தங்கினார். வேலை போன ஜனங்கள் நிறைந்த ஊர். என்ன நடக்குமோ என்று பலருக்கும் கவலை. நடந்தது வேறு. கிரீன்ஃபீல்டு ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு கையை உயர்த்தி ஆரவாரம் செய்யும் புகைப்படத்தை இன்றும் புத்தகங்களில் பார்க்கலாம். ஆலைத் தொழிலாளர்களிடம் அவர் மழுப்பவில்லை. உங்கள் கஷ்டத்துக்கு வருந்துகிறேன் என்றார். ஆனால் உங்கள் நாட்டில் வேலையில்லாதவர் 30 லட்சம். எங்கள் நாட்டிலோ வருஷத்தில் பாதி நாள் வேலையில்லாமல் கிடப்பவர் ஏறக்குறைய 30 கோடி என்று கணக்கையும் எடுத்து வைத்தார். கேட்டவர்களில் வேலை இழந்த ஒருவர், நான் இந்தியாவில் பிறந்திருந்தால் இவர் சொல்வதைத்தான் சொல்லியிருப்பேன் என்ற கருத்தில் பேசினார் என்பது பதிவாகியிருக்கிறது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாகக் காந்தியின் பெருமையைச் சொல்லி இங்கேயே நிறுத்திவிடுவார்கள். நான் இன்னும் ஓர் அடி எடுத்து வைக்கிறேன். அந்த ஆலைப் பெண் சிரிக்க முடிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வேலை போனால் வாராவாரம் கையில் கொஞ்சம் காசு வந்தது. அரசாங்கமும் முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து கட்டிவந்த வேலையில்லாக் காப்புறுதிப் பணம் அது; ஜனங்கள் அதை 'டோல்' என்பார்கள். அது போதாத காசுதான், 1931இல் அதிலும் பத்தில் ஒரு பங்கை வெட்டினார்கள். இருந்தாலும் அடுப்பு அடியோடு அணையவில்லை. அவளை யாரும் கப்பலேற்றவில்லை.

கப்பலேற்றப்பட்டது நம்ம ஆளுங்க. அதே வருஷம்தான். இனி நம் ஊருக்கு வருவோம்.

கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர்க் கன்றுகளின் கதை பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். அடுத்த ஐம்பது வருஷத்துக்குள் பேராக்கின் மலையடிவாரமெல்லாம் கித்தா மரமாகிவிட்டது. உலக ரப்பரில் ஏறக்குறைய முக்கால் பாகத்தை வாங்கியவர்கள் அமெரிக்கர்கள். எல்லாம் மோட்டார் காரின் டயருக்குத்தான். 1920-21இல் விலை சரிந்தது. உடனே பிரிட்டிஷ் அரசாங்கம் 1922 நவம்பர் 1 முதல் மலாயாவும் இலங்கையும் ஏற்றுமதி செய்யும் ரப்பரின் அளவைக் கட்டுப்படுத்தியது. ஸ்டீவன்சன் திட்டம் என்று இதற்குப் பெயர். சரக்கு குறைந்தால் விலை ஏறும் என்பது கணக்கு. கணக்கு பலித்தது, அளவுக்கு மீறியே பலித்தது. 1925இல் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 4 ஷில்லிங்கைத் தாண்டியது. கம்பெனிப் பங்குதாரர்களுக்கு லாப ஈவு கொட்டியது.

அமெரிக்காவில் கோபம் மூண்டது. அப்போது வர்த்தக இலாகாச் செயலாளராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் (பிற்காலத்தில் ஜனாதிபதி ஆனவர் இவர்தான்) 1925 முடிவில் ஒரு பிரசாரத்தைத் தொடங்கினார். டயரைப் பத்திரமாக ஓட்டுங்கள், தேய்ந்தால் ஒட்டுப் போட்டு ஓட்டுங்கள், புதிதாக வாங்காதீர்கள், பழைய ரப்பரையே பக்குவப்படுத்தித் திரும்பப் பயன்படுத்துங்கள் என்று நாடு முழுக்கச் சொன்னார்கள். பிரிட்டிஷ் ஏகபோகத்துக்கு எதிரான தேசபக்திக் காரியமாகவே அதைக் காட்டினார்கள். முழுப் பகிஷ்காரம் என்று சொல்ல முடியாது, முக்கால் பகிஷ்காரம் எனலாம். 1925 கடைசியில் நியூயார்க்கில் ஒரு டாலரைத் தொட்டிருந்த ராத்தல் விலை 1926 நடுவில் அதில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. அமெரிக்கக் கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. ஃபயர்ஸ்டோன் 1926இல் ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் 10 லட்சம் ஏக்கர்வரை எடுத்துக்கொள்ளக் குத்தகை பெற்றது. ஹென்றி ஃபோர்டு 1927இல் பிரேசில் காட்டில் நிலம் வாங்கினார். திட்டத்தில் சேராத டச்சுக்காரர் ஆட்சியில் இருந்த சுமத்திராவிலும் போர்னியோவிலும் சிறுதோட்டக்காரர்கள் மரத்தை நட்டுத் தள்ளினார்கள். கடைசியில் 1928 அக்டோபரோடு ஸ்டீவன்சன் திட்டத்தையே மூட்டை கட்டினார்கள்.

இப்போது பெரட்டுக் களத்துக்கு வாருங்கள். விலை 4 ஷில்லிங் இருந்தபோது பால் வெட்டியவனுக்கு என்ன கிடைத்தது? ஆள் தேவை கூடியது. 1926ஆம் ஆண்டில் மட்டும் தென்னிந்தியாவிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து இறங்கினார்கள். கூலி கொஞ்சம் ஏறியது. பிறகு அரசாங்கம் முக்கிய தோட்டப் பகுதிகளுக்கு நிர்ணயக் கூலி என்று ஒன்றை வைத்தது. ஆண்களுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்களுக்கு 40 காசு. பெண்ணின் மங்கில் விழுந்த பால் மட்டும் மலிவுப் பாலா என்று கேட்காதீர்கள், அது தனிக் கட்டுரை.

விலை ஏறும்போது படிப்படியாக ஏறின கூலி, இறங்கும்போது படிகளைத் தேடவில்லை. 1929இல் அமெரிக்காவில் பங்குச் சந்தை கவிழ்ந்தது, கார் விற்பனை படுத்தது. இது பகிஷ்காரம் அல்ல, பஞ்சத்தில் வாங்காமல் விட்டது. ஆனால் பால்காட்டில் நிற்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான். 1930இல் நிர்ணயக் கூலியில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. 50 காசு 40 ஆனது, 40 காசு 32 ஆனது. 1932இல் ரப்பர் ராத்தல் 2 பென்னிக்கும் கீழே விழுந்தபோது கூலியும் இன்னும் கீழே போனது.

கூலி குறைந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஆள் குறைப்பில் பெயர் போனவர்களுக்கு லயத்து வீடும் அன்றோடு சரி. இங்கேதான் தோட்டத்துக்கும் ஆலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். டார்வன் பெண்ணுக்கு வேலை போனால் வேலை மட்டும் போனது. தோட்டத்து ஆளுக்கு வேலையோடு கூரை போகும், பிள்ளையின் பள்ளிக்கூடம் போகும், மருந்து கொடுக்கும் டிரெசர் போவார், கடன் சொல்லி அரிசி வாங்கும் கடையும் போகும். எல்லாம் துரையின் வேலிக்குள் இருந்த சமாசாரங்கள். டோல் என்று ஒன்று மலாயாவில் கிடையாது. பதிலாகக் கப்பல் டிக்கெட் இருந்தது. 1930 முதல் 1932 வரை லட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியர்கள் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆள் வேண்டும்போது வரவழைக்கவும் வேண்டாதபோது வழியனுப்பவும் வசதியாக இருந்தது அந்த ஏற்பாடு. ஊரில் நிலமில்லாமல்தானே பலர் இங்கே வந்தார்கள்? போய் எதைத் தின்றிருப்பார்கள்?

துரைமார்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னால் அது அநியாயம். அந்த மந்தத்தில் வெள்ளைக்காரச் சின்னத் துரைகள் பலர் வேலை இழந்து ஊர் திரும்பினார்கள். லண்டன் பங்குதாரருக்கு ஈவு வரவில்லை. நஷ்டம் எல்லோருக்கும் வந்ததுதான். ஆனால் ஒருவருக்கு நஷ்டம் என்பது சேர்த்து வைத்ததில் குறைவது, இன்னொருவருக்கு நஷ்டம் என்பது இன்று ராத்திரிச் சோறு. இரண்டையும் ஒரே தராசில் போடலாமா?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 1925இல் அமெரிக்கர்கள் கொதித்தது யாருக்காக? டயர் விலைக்காக. மரத்தடியில் நின்றவனுக்கு என்ன கூலி என்று அந்தப் பிரசாரம் கேட்கவில்லை. அதற்கு எதிர்வாதம் செய்த லண்டன் கம்பெனிகளின் மனசிலும் அவன் இல்லை. இரண்டு யானைகளும் அவனைப் பாராமலே சண்டை போட்டன.

தொழிலாளியே முன்னின்று பகிஷ்காரம் செய்த கதை நம்மிடம் இல்லையா? இருக்கிறது. அதற்கு வடக்கே கெடாவுக்குப் போகவேண்டும். போர் முடிந்த 1946-47இல் சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டங்களில் தொண்டர் படை கிளம்பியது. ஏ. எம். சாமி என்பவர் அதன் தலைவர். கள்ளுக்கடை வாசலில் மறியல். குடிக்காதே, குடிக்க விடாதே. கள்ளுக்கடை லாபம் தொழிலாளர் நலனுக்குத்தான் போகிறது என்று நிர்வாகங்கள் சொல்லிவந்தன. அப்பனைக் குடிக்க வைத்து அந்தக் காசில் மகனுக்குப் பந்து வாங்கிக் கொடுக்கும் நலன் எங்களுக்கு வேண்டாம் என்பதுதான் தொண்டர் படையின் போக்கு. இங்கேயும் கீழே இருப்பவருக்கு நஷ்டம் வந்தது. கள் இறக்குகிறவரும் நம்ம ஆள்தானே. மறியலில் நின்றவர்களுக்கு வேலை போயிற்று, போலீஸ் நடவடிக்கையில் உயிர்ப்பலியும் நேர்ந்தது. 1947இல் படை ஒடுக்கப்பட்டது. ஆனால் அடி விழும் என்று தெரிந்து அவர்களே எடுத்த முடிவு அது. நியூயார்க்கில் ஒருவர் எடுத்த முடிவுக்கு பேராக்கில் ஒருவர் பட்டினி கிடப்பதும் இதுவும் ஒன்றாகாது. 1938இல் திரெங்கானுவில் ஜப்பானியருக்குச் சொந்தமான இரும்புச் சுரங்கத்திலிருந்து சீனத் தொழிலாளர்கள் பெருந்திரளாக வெளிநடப்புச் செய்ததையும் இந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். தாய்நாட்டின் மேல் குண்டு போடுகிறவனுக்கு இரும்பு வெட்டித் தரமாட்டோம் என்று, சம்பளத்தைத் தாங்களே உதறினார்கள்.

சரி, இன்றைய விஷயத்துக்கு வருவோம். காஸா போரை ஒட்டி 2023 அக்டோபருக்குப் பின் சில அமெரிக்கப் பெயர் கொண்ட உணவுக் கடைகளை மலேசியர் பலர் ஒதுக்கினார்கள். 2024 ஏப்ரலில் கே.எஃப்.சி.யை நடத்தும் நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளைத் தற்காலிகமாக மூடியது. பொருளாதாரச் சூழல் சரியில்லை என்று நிறுவனம் சொன்னது. ஊழியர்களை வியாபாரம் நடக்கும் கடைகளுக்கு மாற்றலாம் என்றும் சொன்னது. ஸ்டார்பக்ஸை இங்கே நடத்தும் பெர்ஜாயா நிறுவனத்தின் வின்சென்ட் டான், எங்கள் கடையில் வேலை செய்பவர்களில் மிகப் பெரும்பாலோர் உள்நாட்டு முஸ்லிம்கள்தான், இந்தப் புறக்கணிப்பால் யாருக்கும் நன்மை இல்லை என்று 2024 மார்ச்சில் பேசினார். அரசியல் சரி தவறு இந்த மலருக்கு உரிய விஷயமல்ல, அவரவர் மனசாட்சி. நம் கேள்வி வேறு. அவர் சொன்னதில் உண்மை இருக்கிறதா? இருக்கிறது. அந்தக் கடைகளை நடத்துவது உள்நாட்டு நிறுவனம், பெயரை இரவல் வாங்கி அதற்குப் பணம் கட்டுகிறது. ஆகவே முதல் நஷ்டம் இங்கேதான். எஸ்.பி.எம். எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை மணிக்கூலிக்குப் போகும் நம் வீட்டுப் பிள்ளைக்கு நேரத்தைக் குறைத்தால் போதும், வேலையை விட்டு நீக்க வேண்டியதுகூட இல்லை. ஆனால் தொழிலாளியின் பெயரைச் சொல்லிப் பேசும் எந்த முதலாளியிடமும் ஒன்றைக் கேட்கலாம்: வியாபாரம் அமோகமாக நடந்த வருஷங்களில் இதே தொழிலாளியைப் பற்றி எத்தனை தடவை பேசினீர்கள்?

பெற்றோர்களே, நடைமுறைக்கு ஒரு வார்த்தை. 1931இல் லங்காஷயரில் இருந்து, பேராக்கில் இல்லாத அந்த டோலுக்கு ஒப்பான ஒன்று 2018 ஜனவரி முதல் நம் நாட்டில் இருக்கிறது. சொக்சோ நடத்தும் வேலைக் காப்புறுதித் திட்டம். ஆள் குறைப்பில் வேலை போனால் சில மாதங்களுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதி கிடைக்கும். பிள்ளையின் சம்பளச் சீட்டில் அதற்கான சின்னப் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். பகுதி நேரம்தானே என்று சில கடைக்காரர் விட்டுவிடுவது உண்டு. அந்தச் சின்னப் பிடித்தம் இல்லாவிட்டால் நம் பிள்ளை இன்னும் 1931இல்தான் நிற்கிறான்.

கடைசியாக, வாங்க மறுத்ததால் தொழிலாளி கைக்கே பணம் வந்த ஒரு சம்பவம். இதைச் செய்தது ஓர் அரசாங்கத்தின் சுங்க இலாகா. வாடிக்கையாளர் பகிஷ்காரம் என்று சொல்ல முடியாது, அதன் ஒன்றுவிட்ட தம்பி. கட்டாய உழைப்பில் செய்த சரக்கை இறக்க விடமாட்டோம் என்று அமெரிக்கச் சுங்க இலாகா, 2020 ஜூலையில் டாப் குளோவ் கம்பெனியின் ரப்பர் கையுறைகளையும் டிசம்பரில் சைம் டார்பி பிளாண்டேஷனின் செம்பனை எண்ணெயையும் நிறுத்தியது. சைம் டார்பி என்றால் பழைய கத்ரி தோட்டங்களும் அதில் அடக்கம், 2024இல் எஸ்.டி. கத்ரி என்றே பெயர் மாறியது. 1948இல் அவசரகாலம் தொடங்கக் காரணமான கொலை நடந்த சுங்கை சிப்புட் எல்பில் தோட்டமும் அவர்கள் கையில்தான். வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா, இந்தியா என்று பல நாட்டிலிருந்து வந்தவர்கள் ஏஜெண்டுக்குக் கடன்பட்டு வந்தார்கள் என்பது முக்கியமான புகார். கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிசா?

தடை வந்தபோது வழக்கமான குரல் எழுந்தது, தொழிலாளிதான் பாதிக்கப்படுவான் என்று. நடந்தது என்னவென்றால், டாப் குளோவ் 13 கோடி வெள்ளிக்கும் மேல் தொழிலாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்து, 2021 செப்டம்பரில் தடையிலிருந்து மீண்டது. சைம் டார்பி, தற்போதைய தொழிலாளர், வேலையை விட்டுப் போன தொழிலாளர் என்று சுமார் 34,000 பேருக்காக 8 கோடியே 20 லட்சம் வெள்ளி ஒதுக்கியது. 2023 பிப்ரவரியில் தடை நீங்கியது. 1925க்கும் 2020க்கும் என்ன வித்தியாசம்? அன்று கேட்டது டயர் விலைக் குறைப்பு, அது கிடைத்ததும் அமெரிக்கர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. இம்முறை கேட்டது தொழிலாளியின் காசு, அது அவன் கைக்குப் போகும்வரை கதவு திறக்கவில்லை.

அந்த 34,000 பேர் கணக்கில், அதே தோட்டங்களில் மூன்று தலைமுறை பால் வெட்டிவிட்டு, ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட காலத்திலும் நிலத்தை வீட்டுமனைக்கு விற்ற காலத்திலும் லயத்தைக் காலி செய்துகொண்டு ஈப்போவுக்கும் பட்டணங்களுக்கும் பெட்டி படுக்கையோடு வந்த நம் குடும்பங்கள் இல்லை. அவர்கள் வெளியேறிய நாட்களில் அவர்களுக்காக எந்த ஊர்த் துறைமுகத்திலும் எந்தச் சரக்கையும் யாரும் நிறுத்தவில்லை.